பத்துக்கு எத்தனை அரிப்பு?

முதலில் வாயைத் திறந்து விலை சொன்னவன் தோற்றான் என்பது மண்டித் தொழிலில் பாலபாடம். மார்புக்குக் கதிர் வாங்கும் தொழிலிலோ வாரா வாரம் நாமேதான் முதலில் வாயைத் திறந்தாக வேண்டும்.

தொழில் என்றுதான் சொல்வேன். ஐந்து வாரம், சனி ஞாயிறு தவிர தினமும் காலை பத்தரைக்கு ஆஜராவதற்கு வேறு என்ன பெயர்? கர்நாடக எல்லையில் தமிழ் பேசும் மார்டள்ளிக் கிராமத்தில் பிறந்து, மைசூர் மண்டியில் அடிபட்டு மிதிபட்டு, ஓட்டல்களுக்குக் காய் வாங்கிப் போடுகிறவளாக நிமிர்ந்தவள் நான். இடது மார்பில் கட்டி வந்தது. அறுத்தார்கள், ஊசி போட்டார்கள், கடைசியில் கதிர் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். மிஷினுக்கு அடியில் படுப்பது சில நிமிஷ வேலை. கஷ்டமெல்லாம் திங்கட்கிழமைப் படிவத்தில்தான். அரிப்பு, எரிச்சல், வலி என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பரை நம் வாயாலேயே சொல்ல வேண்டும். கதிர் வாங்கின சகோதரிகளே, உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போணி

முதல் திங்கள். நர்ஸ் சைத்ரா கன்னடத்துப் பெண். எங்களைப் போன்றவர்கள் வந்து வந்து அவள் நாக்கில் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, அரிப்பு எஷ்டு?" என்றாள். அரிப்பு துளிகூட இல்லை. ஆனால் வாரத்தின் முதல் வியாபாரத்தைப் பூஜ்யத்தில் தொடங்க எந்த வியாபாரிக்கு மனசு வரும்? "ஒண்ணு போட்டுக்கோ கண்ணு" என்றேன்.

அவள் விளக்கைத் திருப்பினாள். கையைத் தூக்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஐந்து நிமிஷம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. பாவமாக இருந்தது. "அரிப்பெல்லாம் இல்ல கண்ணு, போணிக்காகச் சொன்னேன்" என்று உண்மையைக் கக்கினேன். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, போணிக்கு வேணும்னா ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்க, அரிப்பு கொடுக்காதீங்க!"

சிவப்பு எங்கே?

படிவத்தில் ஒரு கேள்வி: தோல் சிவந்திருக்கிறதா? இரண்டு வாரமும் "இல்லை" என்றேன். மூன்றாம் வாரம் காறையெலும்பிலிருந்து அக்குள் வரை சுட்ட கத்திரிக்காய் நிறம். அப்போதும் "இல்லை"தான். பொய்யில்லையே! பக்கத்து நாற்காலி ராஜேஸ்வரி டீச்சரும் அதேதான் சொன்னார். அவர் அப்பா ரயில்வே வேலைக்கு மைசூர் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்; இவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எங்கள் இருவரின் படிவத்தைப் படித்தால் மிஷின் ரிப்பேர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் வால்யூம் குறைக்கத் தெரியாது. "யார் தோலைப் பார்த்து இதை அச்சடிச்சீங்க? எங்க வம்சத்துல ஒருத்தரும் சிவந்ததில்ல. கல்யாணத்தன்னிக்கே நான் சிவக்கல, இப்ப உங்களுக்காகச் சிவக்கணுமா?" காத்திருந்த கூடமே சிரித்தது. சைத்ரா சிவப்புக்குப் பக்கத்தில் "அல்லது கறுத்திருக்கிறதா" என்று பேனாவால் எழுதி நீட்டினாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக டிக் போட்டுவிட்டுச் சொன்னார்: "முப்பது வருஷம் விடையைத் திருத்தினேன் அம்மா, கேள்வியைத் திருத்தினது இன்னிக்குத்தான்."

சட்டை

தொளதொளவென்று பருத்தித் துணிதான் போட வேண்டும், இறுக்கமாக எதுவும் உரசக் கூடாது என்றார்கள். வீட்டில் அப்படிப்பட்டது எங்கள் வீட்டுக்காரரின் சட்டைகள்தான். லாரி ஓட்டுகிற மனுஷர், அகலமான தோள். ஒன்று எடுத்தேன், வியர்த்தது. இன்னொன்று எடுத்தேன், கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் போட்டிருந்த அடையாள மை ஒட்டியது. அந்த வாரம் மண்டியில் மூட்டை தூக்குகிறவர், "அண்ணா, ஸ்வல்ப வழி விடுங்க" என்று பின்னாலிருந்து என்னை இடித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தால் இவர் துண்டோடு பீரோ முன்னால் நிற்கிறார். உள்ளே ஒரு சட்டைகூட இல்லை. திரும்பி என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "ஏம்புள்ள, கஷ்டத்துல பங்கு போட்டுக்கறேன்னுதானே சொன்னேன், சட்டையச் சொன்னேனா?"

பாதி விலை

நான்காம் திங்கள். இந்த முறை எரிச்சல் நிஜம். மார்பின் அடி மடிப்பில் தோல் வழன்று ஈரமாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் ஆறு. ஆனால் முதல் நாளே டாக்டரம்மா, நடுவில் ஒரு நாளும் விடக் கூடாது, விட்டால் கதிரின் பலன் குறையும் என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் கூடத்தில் ஒரு பேச்சு: யாருக்கோ தோல் பிய்ந்து மிஷினைப் பத்து நாள் நிறுத்திவிட்டார்களாம். பத்து நாள்! மிச்சம் மீதி எதுவும் உள்ளே இருந்தால் அந்தப் பத்து நாளில் குடும்பம் நடத்தி விடாதா? அதனால் மண்டி வழக்கப்படி பாதியில் ஆரம்பித்தேன். "மூணு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவள் "என்னக்கா, பார்த்தா எட்டு மாதிரி இருக்கே" என்பாள், நான் முகத்தைச் சுளிப்பேன், நாலரைக்குப் படியும் என்பது என் கணக்கு. அவளோ "மூணு" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்! இறக்கிச் சொன்னால் ஏற்றிக் கேட்க வேண்டும் என்ற மரியாதைகூடத் தெரியாத ஊர். மடிப்பைக் காட்டச் சொன்னாள். நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன். வெளியே வந்து உட்கார்ந்தவளை டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்தார். "மூணுக்காகவா சட்டைக்குள்ள விசிறியை விட்டு வீசிக்கறீங்க?"

மூட்டையின் அடி

சனிக்கிழமை மண்டிக்குப் போனேன். குண்டலுபேட்டை பீன்ஸ், மேலே பார்த்தால் விரல் விரலாக, ஒடித்தால் சத்தம் வருகிற சரக்கு. என் வழக்கப்படி கையை அடிவரை விட்டேன். வழவழவென்று ஒட்டியது. அழுகல். "ஏய்யா, மேல கல்யாணம் அடியில கருமாதியா? நாளைக்கு ஓட்டல்காரன் முன்னால யாருய்யா நிக்கறது, நானா நீயா?" என்று கத்திக் கையை ஓங்கினேன். ஓங்கின வேகத்தில், தோலோடு ஒட்டியிருந்த சட்டை சரக்கென்று பிரிந்து வந்தது.

உயிர் போய்த் திரும்பி வந்தது. அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தன் பீன்ஸைப் பார்த்துத்தான் எனக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்த அந்த விவசாயி, தலைத்துண்டை அவிழ்த்து எனக்கு வீசிக்கொண்டே அழாத குறையாகச் சொன்னார்: "மேல நல்லா இருந்தா அடியைப் பார்க்க மாட்டீங்கன்னு நெனச்சேங்க அக்கா!"

எட்டு

திங்கட்கிழமை சைத்ரா படிவத்தை எடுக்கும் முன்பே "எட்டு" என்றேன். "எதுக்குக்கா?" "எல்லாத்துக்கும்." மடிப்பைப் பார்த்தாள், உடனே போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பத்து நாள் என்றால் இரண்டு நாளுக்கு இறக்க வேண்டும் என்று மனசுக்குள் பேரத்தைத் தயார் செய்துவிட்டு, "எத்தனை நாள் நிறுத்துவீங்க?" என்று கேட்டேன். வால்யூம் தானாகவே குறைந்திருந்தது.

"யார் நிறுத்தறா? இன்னியோட சேர்த்து அஞ்சு நாள்தான் பாக்கி. சுத்தம் பண்ணி மருந்து வெக்கறோம், இன்னிக்கும் படுத்துக்கோங்க. இப்படியே மறைச்சுக் கிருமி சேர்ந்திருந்தாதான் நிறுத்த வேண்டி வந்திருக்கும்" என்றார். பயம் போன இடத்தில் பழைய கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. "அப்ப இந்த மருந்தைப் போன வாரமே வெக்கறதுக்கு என்ன?" என்று எகிறினேன். டாக்டரம்மா படிவத்தைப் புரட்டி என் மூக்குக்கு நேராக நீட்டினார். "நீங்க மூணுன்னு சொன்னீங்க, நான் மூணுக்கு உள்ள மருந்தைக் கொடுத்தேன்."

ரேட்

வெள்ளிக்கிழமையோடு இருபத்தைந்தும் முடிந்தது, ஒரு நாள் விடாமல். கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தேன். டீச்சருக்கு மட்டும் இரண்டு. அந்த மூணுக்குப் பின்னால் இருந்த மண்டிக் கணக்கையும் சைத்ராவிடம் ஒப்புக்கொண்டேன். கதிர் நின்ற பிறகும் ஒன்றிரண்டு வாரம் தோல் முரண்டு பிடிக்கும், நம்பர் கேட்டு போன் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வந்தது. நான் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எரிச்சலை நன்றாக யோசித்து, கூட்டாமல் குறைக்காமல், "அஞ்சு" என்றேன். அந்தப் பக்கம் பேனாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சைத்ராவின் குரல், ரொம்ப ஜாக்கிரதையாக: "அக்கா, இது மண்டி ரேட்டா, நிஜ ரேட்டா?"

இந்தத் தொழிலில் விற்கிறவளும் வாங்குகிறவளும் ஒரே ஆள் என்பதால், எவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றினாலும் ஏமாறுகிறவள் நம் சட்டைக்குள்ளேயே இருந்து தொலைக்கிறாள்.