பூத்த சணப்பை மடக்கி உழுத ஆடி வெள்ளி

வில்லியனூரிலிருந்து சோரியாங்குப்பம் போக இப்போது பஸ் இருக்கிறது. பாகூரில் ஒரு தடவை மாறினால் போதும். ஆனால் அந்த வழியை நினைத்தாலே எனக்கு மாட்டுவண்டிதான் ஞாபகம் வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலம், முப்பதுகளின் கடைசி. எனக்கு வயது இருபத்தாறு. சிறு விவசாயிகளுக்குத் தழையுரம் போடக் கற்றுக்கொடுக்கும் வேலை. ஊர் எனக்கு வைத்த பெயர் ‘எருவு வாத்தியார்’. அன்று கேட்டால் பற்றிக்கொண்டு வரும். இன்று யாராவது அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது.

ஆடி வெள்ளி, காலை ஐந்து மணி. கண்ணுசாமியின் வண்டியில் நானும் ஓர் இரும்புக் கலப்பையும். இருபது கிலோமீட்டர், போக வர ஒன்றேகால் ரூபாய். ஊரே வீராம்பட்டினம் தேருக்குப் போகிற வெள்ளியாகப் பார்த்துப் பயிற்சி வைத்தது என் புத்திசாலித்தனம். கண்ணுசாமி வழியெல்லாம் அதையே சொல்லிப் புலம்பினான்.

பிரெஞ்சு ஊர்களுக்கு நடுவில் இங்கிலீஷ்காரன் ஊர் ஒன்று குறுக்கிடும். அங்கே சுங்கச்சாவடி. சிப்பாய் கலப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது இன்னாபா?”

“கலப்பை.”

“கலப்பைன்னா மரத்துல இல்ல இருக்கும்?”

“வாத்தியாரே, எறங்கி ரெண்டு சாலு உழுது காட்டு, உட்டுடுவாங்க” என்றான் கண்ணுசாமி. முக்கால் மணி நேரம் அங்கேயே போயிற்று.

பதினொன்றுக்குச் சோரியாங்குப்பம். அஞ்சலை அக்காவின் அரைக் காணியில்தான் பயிற்சி. மண் சக்கையாகிக் கிடந்தது. சாணத்தையெல்லாம் வரட்டி தட்டிப் புதுச்சேரிக்கு விற்றுவிடுவார்கள், நிலத்துக்கு ஒரு கூடை மிஞ்சாது. அவர்களைக் குறை சொல்ல முடியுமா, வயிறு கேட்குமே! இரண்டு வருஷமாக நெல் பதராகிவிட்டது. இந்தச் சம்பாவும் பொய்த்தால் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் பஞ்சாலை வேலைக்குப் போவதாக இருந்தார்கள்.

ஆனியில் நான் கொடுத்த சணப்பு விதை, இடுப்பளவு வளர்ந்து மஞ்சளாய்ப் பூத்திருந்தது. பூத்ததும் மடக்கி உழுதுவிட வேண்டும்; அழுகி உரமாகும். வாய்க்கால் தண்ணீர் கட்டியாயிற்று. பார்க்க வந்தவர்கள் ஆறே பேர். வண்டி மாட்டை ஏரில் பூட்டினேன். அக்கா மாட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

“எங்க பசு ரெண்டு மாசமா வெறும் வைக்கோல மோந்து பாத்துக்கினு நிக்குது. பச்சையா நிக்கறத மண்ணுல பொதைக்கச் சொல்றியே, உனுக்கு மனசு வருதா?”

படித்ததையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன்.

“சரி, வெளையலன்னா?”

“விளையலைன்னா இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன், அக்கா.”

“நீ தலகாட்டாம போனா எனுக்கு இன்னா லாபம்? பஞ்சாலைக்கு நாங்க இல்ல போவணும்?”

ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! கலப்பையை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

அவள் அசரவில்லை. பூவரசங் கழி ஒன்றை ஒடித்துக்கொண்டுபோய் வயலின் நட்டநடுவில் ஊன்றினாள். “இந்தப் பாதி மாட்டுக்கு, அந்தப் பாதி மண்ணுக்கு. உழுபா.” அரைகுறை வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே உழுதேன்.

தை பிறந்ததும் மறுபடி போனேன். கழி துளிர்விட்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் நெல் முழங்கால் உயரத்தில் வெளிறிக் கிடந்தது. அந்தப் பக்கம் இடுப்பு உயரம், கதிர் கனத்துச் சாய்ந்திருந்தது. முழு வயலையும் நான் உழுதிருந்தால், நல்ல மழை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வரப்பில் முப்பது பேருக்குக் குறையாது. அக்காதான் பேசிக்கொண்டிருந்தாள்.

“இது மாடு தின்னது. அது மண்ணு தின்னது. நல்லா பாத்துக்கங்க.”

குடையை மடக்கிக்கொண்டு கடைசியில் நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“வா வாத்தியாரே! வர்ற ஆனிக்கு அரைக் காணி முழுக்க வெதைக்கணும். வெதை எங்க?”

“அப்ப பஞ்சாலை?”

“எவ போவா? வெதையக் குடு.”

“மாட்டுக்கு?”

“வரப்பு இருக்குதில்ல, அதுல வெதச்சிக்கறேன்.”

நீங்கள் போவதானால் தை முதல் வாரம் போங்கள், அறுப்புக்கு முன்னால். ஆடியில் தேர் வெள்ளி வேண்டவே வேண்டாம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வரப்பு வழுக்கும். மறக்காமல் ஒரு படி சணப்பு விதை கையில் இருக்கட்டும்.

அந்தத் தையில் நான் வெறுங்கையோடு போயிருந்தேன். வீட்டில் மறந்துவிட்டேன் என்று அக்காவிடம் பொய் சொன்னேன். உண்மையில், விதைக்கு வேலை வரும் என்று நானே நம்பவில்லை.