பாலத்துக்கு எண்ணெய் தேய்த்தவன்

பாலத்தை உடைக்காமலே அதன் உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். என் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் எனக்கு வராது. அன்றைக்குக் கிரீஸ் டப்பா தென்காசி அறையிலேயே தங்கிவிட்டது. நானும் கருவியும் மட்டும் குற்றாலம் போகும் வழியில் ஒரு சின்னப் பாலத்துக்கு அடியில் நின்றோம்.

பாலத்தைத் தாங்கும் பீமின் ஒரு பக்கம் ஒலியை அனுப்பி மறுபக்கம் பிடிக்க வேண்டும். உள்ளே ஓட்டையோ விரிசலோ இருந்தால் ஒலி சுற்றிக்கொண்டு தாமதமாக வரும். கருவிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே காற்று புகக் கூடாது, அதற்குத்தான் கிரீஸ்.

பாலத்தை ஒட்டிப் பலகை போட்டு, அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"சட்டையக் கழத்தும் சாரே."

"எனக்கில்ல அண்ணாச்சி, பாலத்துக்கு."

"அதுக்கும் மேலுவலியா!" என்று ஒரு கிண்ணம் நல்லெண்ணெய் தந்தார்.

முதல் இரண்டு பீமும் சுத்தம். சீசனுக்கென்று அடித்த புதுப் பெயின்ட் மின்னிய மூன்றாவதில், ஒலி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. துடைத்து, மறுபடி தேய்த்து, நாலு இடத்தில் பார்த்தேன். அதேதான். சுத்தியலால் தட்டினால் காலிப் பெட்டிச் சத்தம். அந்நேரம் தலைக்கு மேலே ஒரு பஸ், படியில் ஆட்கள் தொங்கப் போனது.

ஜீப்பில் வந்த நெடுஞ்சாலைத் துறை அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. "குளிக்க வாரவனுக்குத் தேய்க்குத எண்ணெய்ல ரீடிங்காவே? ஊரே சிரிக்கும். 'திருப்தி'ன்னு எழுதும். சீசன் முடியட்டும், பாத்துக்கிடுவோம்."

"அதே எண்ணெயத்தான் சார் மத்த ரெண்டுக்கும் தேய்ச்சேன். மூணாவது பீம் மேல மட்டும் அதுக்கு என்ன கோவம்?"

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பழக்கம்தான். என் ஜோக்குக்கு வீட்டிலேயே ஆள் கிடையாது.

"இனி இந்தப் பக்கம் உமக்கு வேலை கிடைக்காது, பாத்துக்கிடும்."

"சரி சார். பஸ்ஸ நிறுத்துங்க."

கருவியைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

பஸ் நின்றால் அண்ணாச்சியின் பலகைக்கும் ஆள் வராது. எண்ணெய் வாங்கும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. போய்ச் சொன்னேன்.

"என் எண்ணெய வாங்கி என் பொழப்பையே வழுக்க வச்சிட்டீரேவே!" என்றார். பாலத்தின் அடியைக் குனிந்து பார்த்தார். பிறகு பலகையைத் தூக்கித் தோளில் வைத்தார். "எழுதும். நான் தேய்ச்சுவிட்டவன் பூராவும் இது மேல ஏறித்தான் வீட்டுக்குப் போணும்."

படிவத்தில், கருவிக்குப் பூசிய பொருள் என்ற இடத்தில் 'நல்லெண்ணெய்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே: 'மூன்றாவது பீம் உள்ளே பழுது. பஸ், லாரி போகக் கூடாது.' கையெழுத்துப் போட்ட இடத்தில் பெருவிரலின் எண்ணெய்க் கறை படிந்தது.

அதிகாரி, 'திருப்தி' என்று மாற்றி எழுத ஒரு புதுத் தாளை நீட்டினார். நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேனே தவிர, அதை வாங்கவில்லை.