பசை டீச்சரின் ஒரே கேள்வி

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவரைப் பசை டீச்சர் என்றுதான் சொல்வார்கள். அப்பா புத்தகம் பைண்டிங் செய்கிறவர். பசை வாளிக்கும் அட்டைக் கட்டுக்கும் நடுவில் வளர்ந்த பெண், வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சுவரில் ஓர் இடம் காலியாகத் தெரிந்தால் போதும், எதையாவது கொண்டுவந்து ஒட்டிவிடுவார். புதிதாகச் சேர்ந்த எழுத்தர் மட்டும், பசையுள்ள ஆள் போலிருக்கிறது, வசதியான வீட்டுப் பெண் என்று ஒரு வாரம் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தாராம்.

டீச்சருக்கு மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு. இருபத்தெட்டுப் பிள்ளைகள். வகுப்பு என்றால் அவருக்கு உயிர். பாடக்குறிப்பு நோட்டைக் கண்டால் மட்டும் ஆகாது. அந்த நோட்டில் பக்கத்துக்கு ஐந்து கட்டம்: மொழி, கணக்கு, அறிவியல், சமூகம், ஓவியம். வாரா வாரம் ஐந்து கட்டத்தையும் நிரப்பி, ஐந்திலும் தலைமை ஆசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மணி அடித்தால் கணக்கு மூடும், அறிவியல் திறக்கும். ஒருநாள் அறிவியல் நேரத்தில் ஒரு கல்லைக் கொடுத்து எடை பார்க்கச் சொன்னார். தராசில் கெட்டிக்காரனான ஒரு பையன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

"டீச்சர், இது கணக்கு பீரியடா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டில் இருக்கிற கோடுகள் பிள்ளையின் தலைக்குள்ளும் விழுந்துவிட்டனவே என்று மனசு அடித்துக்கொண்டது. மறுநாளே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் நின்றார்.

"மூணு வாரம் மட்டும் இந்தக் கோட்டையெல்லாம் எடுத்துடறேன் மேடம். ஒரே விஷயத்தை எடுத்துக்கிட்டு, அதுக்குள்ளயே அஞ்சு பாடத்தையும் நடத்திப் பார்க்கறேன்."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ கசப்பாகச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"மூணு வாரம் தர்றேன். நாலாவது திங்கக்கிழமை கல்வி அதிகாரி வர்றார். உங்க பிள்ளைங்களை அவர் என்ன வேணா கேப்பார். தடுமாறினாங்கன்னா 'ஆ' பிரிவை 'அ' பிரிவோட சேர்த்துடுவேன். ஏற்கெனவே எண்ணிக்கை குறைவுன்னு மேலிடத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. அப்புறம் நீங்க ஆபீஸ்ல உக்காந்து வருகைப் பதிவேடு பார்க்க வேண்டியதுதான். பரவாயில்லையா?"

"பரவாயில்லை மேடம்" என்று வாய் சொல்லிவிட்டது. வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

பள்ளி வாசலில் தினமும் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்ததால், குப்பை என்ற தலைப்பை டீச்சர் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் அமர்க்களமாகத் தொடங்கியது. மொழிக்குக் குப்பைப் பாட்டு. கணக்குக்கு ஏழு பழத்தோலும் எட்டுப் பழத்தோலும் சேர்ந்தால் எத்தனை. ஓவியத்துக்குக் குப்பைத்தொட்டி. அறிவியலில் குப்பை என்றால் என்ன என்று ஒரு விளக்கம் எழுதிப் போடப் பார்த்தார். எழுதிய வரி அவருக்கே பிடிக்காமல் அழித்துவிட்டார். புதன்கிழமை மூன்றாவது தொட்டியை வரையும்போதே பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். வியாழக்கிழமை மாலை முன் பெஞ்சுப் பெண் பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கும் குப்பையா டீச்சர்?"

பக்கத்து வகுப்பான 'அ' பிரிவு சார் வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டார். அவர் நல்ல மனிதர்தான், வாய்தான் சும்மா இருக்காது.

"என்ன டீச்சர், பசை நிறையத் தடவியிருக்கீங்க, ஒண்ணும் ஒட்டலையே."

அது டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் உண்மை. பழத்தோலுக்குப் பதிலாகப் பந்து என்று போட்டாலும் அந்தக் கணக்கு அதே கணக்குத்தான். ஐந்து கட்டமும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு குப்பைப் படத்தை ஒட்டியதைத் தவிர அவர் எதையும் செய்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை, அந்த எரிச்சலை வீட்டின் மேல் காட்டினார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தார். டீச்சரின் கணவர் ஃபேன் மெக்கானிக். கட்டிலுக்கு அடியில் மூன்று அட்டைப்பெட்டி நிறைய அவருடைய சொத்து: பழைய ரெகுலேட்டர், றெக்கை இல்லாத ஃபேன், எரிந்துபோன மிக்ஸி மோட்டார்.

"ஏங்க, இந்த மோட்டாரைத் தூக்கிப் போடட்டுமா?"

"ஐயோ, அது குப்பை இல்லம்மா."

"நாலு வருஷமா ஓடல."

"ஓடலைதான். உள்ள இருக்கிற செம்புக் கம்பி நல்லா இருக்கு."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. இது எப்பத்தாங்க குப்பையாகும்?"

சொல்லிவிட்டு டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். துடைப்பம் கையிலேயே இருந்தது. மனைவிக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று பயந்து கணவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இன்னொரு தடவை சொல்லட்டுமா?" என்றார் டீச்சர். "எப்போ குப்பையாகும்?"

"சரிம்மா, கோவப்படாதே. போட்டுடலாம்."

"வேண்டாம், வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும்."

குப்பை என்றால் என்ன என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லி, மனப்பாடம் செய்து, மறந்தும் விடலாம். எப்போது என்று கேட்டால்? அதற்குப் பொருளைக் கையில் எடுக்க வேண்டும், நிறுக்க வேண்டும், மண்ணில் புதைத்துப் பார்க்க வேண்டும், நாலு பேரைப் போய்க் கேட்க வேண்டும், கடைசியில் சண்டையும் போட வேண்டும். ஒரு சொல்தான் மாறியிருந்தது.

அன்று பகல் முழுவதும் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டித் தரையில் விரித்தார். நடுவில் கொட்டை எழுத்தில், 'ஒரு பொருள் எப்போது குப்பையாகிறது?' சுற்றிலும் பிள்ளைகள் செய்யப்போகும் வேலைகளைச் சின்னச் சின்னத் துண்டுகளில் எழுதி வைத்தார். பிறகு ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒரே பரிசோதனை: இதைச் செய்தால் நடுவில் இருக்கிற கேள்விக்குப் பதில் கிட்ட வருமா? வராவிட்டால் கிழித்துப் போட்டார். பழத்தோல் கணக்கு போயிற்று. ராத்திரி கண் விழித்து எழுதிய குப்பைப் பாட்டும் போயிற்று. அதைக் கிழிக்கும்போது மட்டும் கொஞ்சம் வலித்தது.

திங்கட்கிழமை வகுப்புத் தரையில் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டார். ஒன்றில் 'குப்பை', இன்னொன்றில் 'இன்னும் இல்லை'. நடுவில் இருந்த பெரிய கட்டத்தில் 'சண்டை'. பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து தங்கள் வழக்கைச் சொல்ல வேண்டும். பஞ்சரான சைக்கிள் டியூப் வந்தது, முட்டை ஓடு வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது.

"இது குப்பை டீச்சர். ஒரு கால்ல போட்டுக்கிட்டு எங்க போறது?"

"இன்னொரு செருப்பும் ஒத்தையா எங்க வீட்ல இருக்கே."

"அது சிவப்புடா."

"ராத்திரியில யாருக்குடா தெரியும்?"

செருப்பு இரண்டு நாள் சண்டைக் கட்டத்திலேயே கிடந்தது.

அந்த வகுப்பில் மெதுவாக எழுதுகிற ஒரு சிறுமி இருந்தாள். மற்றவர்கள் நத்தை என்று கூப்பிடுவார்கள், டீச்சர் எவ்வளவு அதட்டியும் நிற்கவில்லை. அவள் கொண்டுவந்தது சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்த ஒரு பென்சில். 'குப்பை, குப்பை' என்று வகுப்பே கூவியது. அவள் ரீஃபில் இல்லாத ஒரு பேனாக் குழாயை எடுத்து, பென்சிலை அதன் முனையில் செருகி, நோட்டில் 'இன்னும் இல்லை' என்று நிதானமாக எழுதித் தூக்கிக் காட்டினாள். அன்றைக்குப் பிறகு அவளை யாரும் நத்தை என்று கூப்பிடவில்லை.

வகுப்பின் தொட்டியைத் தினமும் பள்ளி முடிந்ததும் தராசில் நிறுத்தார்கள். இலை, காகிதம், பிளாஸ்டிக் கவர் மூன்றையும் மூன்று மண்தொட்டியில் புதைத்தார்கள். பள்ளியைப் பெருக்குகிற அக்காவை வகுப்புக்கு அழைத்துப் பேட்டி எடுத்தார்கள். அவர் முதலில் நாற்காலியில் உட்காரவே கூச்சப்பட்டார். உட்கார்ந்த பிறகு பீரியட் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

நான்காவது திங்கட்கிழமை கல்வி அதிகாரி வந்தார். நெட்டையான ஆள், சிரிக்காத முகம். தலைமை ஆசிரியை அவருக்குப் பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி சுவரில் இருந்த காலண்டர் தாளைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"சரி, குப்பை என்றால் என்ன? யாராவது சொல்லுங்க."

டீச்சர் கரும்பலகையைப் பார்த்தார். அந்த விளக்கத்தைத்தான் அவர் எழுதிப் போடாமலே விட்டுவிட்டாரே.  இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை மெதுவாக எழுந்தது. பென்சில்காரி.

"சார், என்னன்னு கேட்டா சொல்லத் தெரியாது. எப்போன்னு கேளுங்க, சொல்றேன்."

அதிகாரியின் புருவம் ஏறியது. "சரி. எப்போ?"

"இதை வெச்சு வேற என்ன பண்ணலாம்னு யோசிக்கிறதை நிறுத்திட்டா, அப்போ."

"இல்ல சார்" என்று தராசுக்காரப் பையன் குறுக்கே விழுந்தான். "கலந்துட்டா, அப்போ. பழத்தோல் தனியா இருந்தா உரம். காகிதம் தனியா இருந்தா காகிதம். ரெண்டையும் ஒரே தொட்டியில போட்டாதான் குப்பை. பெருக்குற அக்கா சொன்னாங்க, நாங்களும் பிரிச்சுப் பார்த்தோம்."

"எங்க வீட்ல அம்மாவுக்குக் கோவம் வந்தா, அப்போ" என்றாள் முன் பெஞ்சுப் பெண்.

சிரிக்காத முகம் சிரித்துவிட்டது. ஆனாலும் மனிதர் லேசில் விடவில்லை. தராசுக்காரனைப் பிடித்துக்கொண்டார்.

"பிரிச்சதுல எவ்வளவு குறைஞ்சுது?"

"முதல் நாள் நாலு கிலோ இருநூறு கிராம். கடைசி நாள் ஒரு கிலோ தொள்ளாயிரம். ரெண்டு கிலோ முந்நூறு குறைஞ்சுது சார்."

"பள்ளிக்கூடத்துல ஆறு வகுப்பும் இதேபோல குறைச்சா?"

பையன் கூரையைப் பார்த்தான். டீச்சர் தரையைப் பார்த்தார்.

"பதிமூணு கிலோ எண்ணூறு. ஆனா சார், அஞ்சாம் வகுப்பு அண்ணனுங்க நிறைய தின்பாங்க. அங்க இன்னும் அதிகமா குறையும்."

அதிகாரி மண்தொட்டிகளைத் தோண்டச் சொன்னார். இலையில் நரம்புதான் மிச்சமிருந்தது. காகிதம் கையில் எடுத்ததும் பிய்ந்தது. கவர் மட்டும் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்ததுபோல வெளியே வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்தப் பாடம்?"

இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வி அவர்களுக்குப் புரியவே இல்லை. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு விழித்த அதே பையன்தான் பதில் சொன்னான்.

"அது பாடம் இல்ல சார். கவர்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி தலைமை ஆசிரியையிடம், "இந்தப் பிரிவை எதோடயும் சேர்க்க வேண்டாம். எண்ணிக்கை விஷயத்தை நான் எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் தலைமை ஆசிரியை பாடக்குறிப்பு நோட்டைப் பிரித்தார். மூன்று வாரமாக அதில் கையெழுத்தே இல்லை. பக்கத்தில் கோடுகள் அழிந்து, அந்த ஒரே கேள்வி மட்டும் எழுதியிருந்தது.

"அஞ்சு கட்டத்தையும் அழிச்சு வெச்சிருக்கீங்க. நான் எங்க டீச்சர் கையெழுத்துப் போடறது?"

"கேள்விக்குக் கீழ போடுங்க மேடம்."

பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பெரிதாக ஒரே கையெழுத்து விழுந்தது. மதியம் 'அ' பிரிவு சார் கையில் ஒரு காலிக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"டீச்சர், அந்தப் பசையில எனக்கும் கொஞ்சம்."

"பசை இருக்கு சார். கேள்வி இருக்கா?"

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டே வந்தேன்" என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போகும்போது பையில் மிக்ஸி மோட்டாரும் இருந்தது. மூன்றாவது வாரம் அதையும் வகுப்பில் வழக்குக்கு வைத்திருந்தார். கணவர் கதவைத் திறந்ததும் முதலில் மோட்டாரைத்தான் வாங்கிக்கொண்டார். அதில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. நிதானமான, பெரிய எழுத்து: 'இன்னும் இல்லை. இப்படிக்கு, மூன்றாம் வகுப்பு ஆ பிரிவு.'

"பார்த்தியாம்மா?" என்றார் கணவர். "இருபத்தெட்டுப் பேர் சொல்லிட்டாங்க."

"இருபத்தாறு பேருங்க" என்றார் டீச்சர். "ரெண்டு பேர் என் கட்சி."