பதினேழு சேலையும் ஒரு சரியும்

ஏட்டி, ஒனக்கு வேற சோலியே கெடையாதா? எவ எந்த குரூப்ப விட்டு வெளிய போனா, எதுக்குப் போனான்னு தெரியாட்டா ஒனக்கு இட்லி எறங்காதோ? சரி, உக்காரு. அரைகொறையா கேட்டுட்டு நீயா கை கால் வச்சு ஊருக்குச் சொல்லுததுக்கு, நானே சொல்லிருதேன்.

எம் பேத்திக்கு இலஞ்சியில மாப்பிள்ளை பேசி முடிச்சோம்லா. ஒடனே ரெண்டு வீட்டுக்காரங்களையும் சேத்து வாட்ஸ்அப்புல ஒரு குரூப்பு போட்டாச்சு. போட்டது மாப்பிள்ளையோட ஆச்சி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவுக, எனக்கு மதினி மொறை. நான் ரெண்டாங்கிளாஸுலயே சிலேட்ட ஒடச்சிட்டு வந்தவ. பஸ்ஸு போர்ட நான் எழுத்துக்கூட்டி வாசிக்கதுக்குள்ள பஸ்ஸு செங்கோட்டைக்குப் போயிரும்.

டீச்சர் மதினி தெனம் வெள்ளன ஒரு முருகன் படம் போடுவாக. அப்புறம் அவுக வீட்டு செம்பருத்தி. எல்லாரும் பாப்பாங்க, ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எனக்கு டைப் அடிக்க வராது, பேசி அனுப்புவேன். "மதினி, முருகன் ஜம்முனு இருக்காரு. இங்கன இன்னைக்கு உளுந்தஞ்சோறு. ஒங்க பக்கம் மழையா?"

எம் மக தலையில அடிச்சுக்கிடுவா. "எம்மா, அது சம்பந்தி வீடு. ஒரு கும்பிடு படத்தப் போட்டுட்டு சும்மா இருக்கக் கூடாதா?"

ஒரு தடவ கும்பிடு படத்தத் தேடிப் போட்டேன். கை தப்பி தேளு படம் போயிருச்சு. அதுல இருந்து பேச்சுதான்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. போனு எதக் கேட்டாலும் சரின்னு அமுக்கிருவேன். வாய் விட்டு ஒண்ணு கேக்குது, மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்லைன்னா சொல்லுதது?

நிச்சயத்துக்குப் பத்து நாளு கெடக்கு. சாரல் நல்லா விழுந்துது. நம்ம தெருப் பொம்பளைங்க எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம், நீயுந்தான் வந்தெ. தலை நெறைய எண்ணெயத் தேச்சுட்டு நிக்கேன், பைக்குள்ள போனு டிங்கு டிங்குங்குது. எடுத்துப் பாத்தா, டீச்சர் மதினி நிச்சயச் சேலை எடுக்கப் போயிருக்காக. கடையில இருந்து படம் படமா வருது. பதினேழு சேலை! சத்தத்த நிப்பாட்டுவோம்னு எண்ணெக் கையோட அங்கயும் இங்கயும் தடவுனேன். போனு ஏதோ கேட்டுது. சரின்னேன். சத்தம் நின்னு போச்சு. நல்ல போனுன்னு மெச்சிக்கிட்டு அருவிக்குள்ள போயிட்டேன்.

தலை ஈரத்தோட வீட்டுக்கு வந்தா, பேத்தி கண்ணு செவந்து உக்காந்திருக்கா.

"ஆச்சி, ஏன் குரூப்ப விட்டு வெளிய போனீங்க?"

"நான் எங்கட்டி வெளிய போனேன்? ஐந்தருவிக்குல்லா போனேன்."

பதினேழாவது சேலைக்குக் கீழ, நான் வெளியேறிட்டேன்னு போனு ஊருக்கே தமுக்கடிச்சிருக்கு. பந்தியில பக்கத்து எலைக்காரங்க முடிக்காம நாம எந்திரிச்சா என்ன அர்த்தம்? சாப்பாடு புடிக்கல, ஆளு புடிக்கல. டீச்சர் மதினிக்கும் அப்படித்தான் பட்டிருக்கு. "அந்த வீட்டுப் பெரியவுகளுக்கே மனசில்ல போல. நிச்சயத்தத் தள்ளி வைப்போம்"னு பேரன்கிட்ட சொல்ல, அவன் எம் பேத்திகிட்ட சொல்லிட்டான்.

பேத்தி ஒரு மொழ நீளத்துக்கு மன்னிப்பு அடிச்சு அனுப்புனா. அங்கன இருந்து வந்தது ஒரே ஒரு ஓகே.

"அதான் ஓகே சொல்லிட்டாங்களே"ன்னா எம் மக.

"ஏட்டி, ஒத்த வார்த்தையில வந்தா அது பதிலா? கதவச் சாத்துத சத்தம்லா!"

நான் போனு போட்டேன். எடுக்கல.

மறுநா காலையில ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, ரெண்டு கிலோ மங்குஸ்தான் வாங்கிட்டு இலஞ்சிக்கு பஸ்ஸேறிட்டேன். டீச்சர் வாசக் கதவத் தொறந்து "வாங்க"ன்னாக. மதினிங்குத வார்த்தையக் காணோம். பழத்த வாங்கி மேசையில வச்சாக, பிரிக்கல. அவுக ஒரு மூலை, நான் ஒரு மூலை.

"மதினி, பசிக்கு. சோறு இருக்கா?"ன்னேன்.

சண்ட போட வந்திருப்பான்னு நெனச்சிருப்பாக போல, முழிச்சாக. பெறகு எலையப் போட்டாக. "நீங்களும் உக்காந்தாத்தான் ஆச்சு"ன்னு பக்கத்துல உக்கார வச்சேன். நான் வழிச்சு முடிச்சிட்டேன். அவுகளுக்குப் பல்லு செட்டு, மெதுவா மெல்லுதாக. எங் கையி காஞ்சு வெறகாப் போச்சு.

"போயி கை கழுவுங்க."

"நீங்க முடிக்காம எந்திரிக்க மாட்டேன். எந்திரிச்சவன்னு ஒரு தடவ பேரு வாங்குனது போதும்."

டீச்சருக்கு மோரு பொரையேறிட்டு. சிரிக்காக! அப்பத்தான் எண்ணெக் கையி, சரின்னு அமுக்குனது எல்லாத்தையும் சொன்னேன்.

"என்ன கேட்டுதுன்னு வாசிக்க மாட்டீகளா?"

"வாசிக்கத் தெரிஞ்சா நான் டீச்சராயிருக்க மாட்டனா?"

டீச்சர் கடைசி வாய மென்னு எலைய மூடுனாக. "மதினி, அந்த குரூப்புல இருபத்திரெண்டு பேரு. நான் என்ன போட்டாலும் வாய் விட்டுப் பேசுதது நீங்க ஒருத்திதான். நீங்களும் போயிட்டீகன்னதும் எனக்குத் தாங்கல. நிச்சயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லதான், வாயில வந்துட்டு"ன்னாக.

அன்னைக்குத்தான் எனக்கே ஒறைச்சுது. முருகன் படத்தப் போட்டுட்டு அந்த மனுஷி எங் கொரலுக்காகக் காத்துக் கெடந்திருக்காக. நானும் அங்கனயே இன்னொண்ணு சொன்னேன். "தோது இல்லைன்னா குளிச்சிட்டுப் பேசுதேன்னு ஒரு வார்த்தை நானும் சொல்லியிருக்கணும் மதினி."

பதினேழுல ரெண்ட எடுத்து வச்சிருந்தாக. மாம்பழக் கலரு போதும்னேன். பேரனுக்குப் போனப் போட்டு "அன்னைக்கே நிச்சயம், ஒரு நாளு தள்ளாது"ன்னாக. பெறகுதான் மங்குஸ்தானப் பிரிச்சோம். என்னையத் திரும்பச் சேக்கும்போது எம் போனு ஏதோ கேட்டுது. வெரல நீட்டுனேன், டீச்சர் படக்குன்னு புடுங்கிட்டாக. "இனிமே என்னையக் கேக்காம சரி சொல்லக் கூடாது!"

திரும்பி வந்து எறங்குனா, நம்ம தெருப் பொம்பளைங்க பூராவும் வாசல்ல. என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டீகளே, எண்ணெக் கையின்னா சொல்லுவேன்? "எல்லாம் வேணும்னுதான் செஞ்சேன். நான் இல்லாட்டா தேடுதாகளான்னு பாக்கணும்லா? எலையப் போட்டு, பக்கத்துல உக்காந்து, மோரு ஊத்தி அனுப்புனாக"ன்னேன். அதக் கேட்டு எதுத்த வீட்டுக்காரி, தானும் சம்பந்தி வீட்டு குரூப்ப விட்டு வெளிய வந்து பாக்கப் போறேன்னா.

"தாராளமா வெளிய வாட்டி. ஆனா ஒஞ் சம்பந்தி எலை போடுவாளான்னு தெரியாது, இன்னைக்குச் சோத்த ஒங்க வீட்டுலயே ஆக்கிரு"ன்னேன்.