அம்மாக்கண்ணுவும் மூச்சுப் பெட்டியும்

அந்த ரப்பர்க் குழாயை இப்போது நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது. நாலு பேர் எச்சில் காயாத குழாய். அதைத் துடைக்கக்கூடச் செய்யாமல் அம்மாக்கண்ணுவின் வாயில் செருகினான் அந்தக் கொழும்பு டாக்டர். தூ!

லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பரா, அந்த ஒற்றை அறை, அவளுடையது. ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு ஈடாகக் கொழுந்து எடுக்க ஆளில்லை. வாயும் அப்படித்தான், எங்களை வேலை வாங்கும் கங்காணி மாயாண்டியே ஒதுங்கிப் போவான். அறுபத்தோராம் வருசத்தில் அவளுக்கு என்னவோ ஆயிற்று. அள்ளி அள்ளிச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனாள். கழுத்து வீங்கியது, கை நடுங்கியது, கொழுந்து குறைந்தது. "நடிக்கிறா" என்றான் மாயாண்டி. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு டாக்டர் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு வேண்டும்.

அப்போதுதான் அந்தக் கொழும்பு டாக்டரோடு பெட்டி வந்தது. சும்மா படுத்திருக்கும் உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று மூச்சை வைத்து அது சொல்லுமாம். கையில் தூக்கிப் போகும் அந்தப் பெட்டி, விடும் மூச்சையெல்லாம் பிடித்து அளக்கும் பெரிய மூச்சுப் பையைப் போலச் சரியாகக் காட்டுகிறதா என்று எங்கள் பெண்களை வைத்துப் பரீட்சை. பெட்டி கூடுதலாகக் காட்டினால் துண்டு தருவதாகச் சொன்னான்.

பட்டப்பகலில் படுத்தறியாதவள் விறைத்துக் கிடந்தாள். மூக்கை அடைக்கும் கிளிப்பு அவளுடைய பெரிய மூக்குத்தியில் தட்டி நின்றது. ஓரத்தில் புஸ்ஸென்று மூச்சு போனது எனக்கே கேட்டது. அந்த மூச்சைத் தவறவிட்ட பெட்டி, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றது. முகம் முழுக்க மூடிய பையோ மிகக் கூடுதலாகக் காட்டியது.

புருசன் உயிரோடு இருக்கும்போது மூக்குத்தியைக் கழற்றுவது எங்களில் ஆகாத காரியம். அவள் கழற்றினாள்.

"இப்ப வச்சுப் பாருங்க ஐயா."

அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. கை நடுங்குகிறது, சும்மா படுக்கத் தெரியவில்லை, இவள் கணக்கில் வேண்டாம் என்று தள்ளிவிட்டான். நடுக்கம்தானே நோய், படுபாவி! மற்றவர்களுக்கு இரண்டும் ஒத்துப்போயிற்றாம். பெட்டி அருமை என்று கூட வந்தவனோடு கை குலுக்கிக்கொண்டான்.

"துண்டுங்க ஐயா?"

"பெட்டி ஒன்றுமில்லை என்று காட்டுது. பெட்டியில பிழை இல்லை, பிழை உன்னிலதான்."

"எனக்குத்தான் கோளாறுன்னா, என்னையத்தானே ஆசுபத்திரிக்கு அனுப்பணும்?"

பெட்டியைக் கம்பளியில் சுற்றி, பூப்போல ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் மறுநாளும் கூடையோடு மலை ஏறினாள். அந்த மழைக்காலம் முடியும்வரைகூட அவள் உயிர் தாங்கவில்லை.