கல்லில் விட்ட இடம்

உச்சிவேளையில் செய்தி வந்தது. கொண்டுவந்தவன் லாய், மாவட்ட அதிகாரி ஷென் மௌலினின் தம்பி வீட்டு வேலையாள். சாவுத் துக்கத்துக்கு அடையாளமாக இடுப்பில் வெள்ளைச் சணல்துணி கட்டியிருந்தான். ஷென்னின் செயலர் கூ அவனைப் பின்வாசலிலேயே மடக்கி, சமையலறையில் உட்காரவைத்து நூடுல்ஸ் போடச் சொன்னார்.

ஆனால் ஷென் ஜன்னல் வழியே அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டார்.

அரசுப் பதவிக்கான தேர்வில் பலமுறை தோற்றவர் அவர். ஒவ்வொரு முறையும், "அடுத்த தடவை பாத்துக்கலாம்டா, தறி எங்கயும் ஓடிப்போகாது" என்று அம்மா மறுபடி நெய்ய உட்கார்ந்தாள். தலை நரைக்கத் தொடங்கியபோதுதான் பதவி கிடைத்தது.

தாய் இறந்த செய்தி எட்டியதுமே அதிகாரி முத்திரையைத் தொடக்கூடாது. பதவியை விட்டு, இருபத்தேழு மாதம் ஊரில் துக்கம் காக்க வேண்டும். அவர் மேசையிலோ, திருட்டுப் பழியில் சிறையிலிருந்த படகிழுக்கும் கூலியாள் ரௌவின் விடுதலை உத்தரவு முத்திரைக்காகக் காத்திருந்தது. உண்மையான திருடன் முந்தின நாள்தான் பிடிபட்டிருந்தான். சிறையில் விஷக்காய்ச்சல், காலையில்கூட ஒரு பிணம் போயிற்று. புது அதிகாரி வந்து வழக்குக் கட்டைப் பிரிக்க மாதங்களாகும்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல ஐயா. நீங்களும் கேக்கல. முத்திரைய வெச்சிடுங்க" என்றார் கூ.

"சொல்லலேன்னா அம்மா உயிரோட இருப்பாங்களா?"

"ரௌ இருப்பான் ஐயா."

ஷென் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி எடுத்து அழுத்தினார். அது சற்றே சாய்ந்து விழுந்தது. "இப்ப லாயைக் கூப்பிடு" என்றார். லாய் வந்து சொன்னபோது தரையில் விழுந்து அழுதார்.

வெளியே வந்த ரௌ கழுத்தைத் தடவிக்கொண்டு, "தலை இருக்குதுடா, இருக்குது!" என்று காவலனிடம் சிரித்தான்.

லாய் வெகுளி. டீக்கடையில் பெருமையடித்தான்: "என்னை என்ன மரியாதையா நடத்தினாங்க தெரியுமா! ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் முடிச்சப்புறம்தான் சேதியே கேட்டாங்க!" அதற்குள் முத்திரை விழுந்த கதையோடு சேர்ந்து பேச்சு மேலிடம்வரை போயிற்று.

ஊரில் ஷென் கல்தச்சனிடம் கல்லறைக் கல்லில் அம்மாவின் பெயரைச் செதுக்கச் சொல்லியிருந்தார். அதிகாரியைப் பெற்றவளுக்கு அரசு ஒரு பட்டம் தரும். அதற்காகப் பெயருக்கு மேலே ஒரு வரி இடம் விடச் சொன்னார். பட்டத்துக்குப் பதிலாக, துக்கத்தை மறைத்த குற்றத்துக்காகப் பதவி பறிக்கும் ஆணைதான் வந்தது.

"பட்டம் இல்லேன்னா வேற ஏதாவது போட்டு நிரப்பிடவா ஐயா?" என்று கல்தச்சன் கேட்டான். ஷென் அவன் கையிலிருந்த உளியை வாங்கிக் கீழே வைத்தார்.

அந்த வரி இன்னும் செதுக்கப்படவில்லை.