பத்து நிமிட ஓய்வு

இரண்டு ஐம்பதுக்கு விசில் ஊதியதும் மினெகோ அம்மாள் ஏணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளத்தின் மறுகோடியை நோக்கி நடப்பாள். மற்றவர்கள் அதற்குள் சொல்லிவைத்தாற்போல மேலே ஏறிப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நகராட்சி நீச்சல் குளத்தில் ஒவ்வொரு மணியிலும் கடைசிப் பத்து நிமிடம் ஓய்வு. தண்ணீரில் ஒரு தலை தெரியக் கூடாது. மினெகோ அம்மாள் மறுகோடிச் சுவரைத் தொட்டுவிட்டு, ஆடி அசைந்து திரும்பி வந்து, கடைசி ஆளாக ஏறுவாள்.

வயது எழுபத்தொன்று. சோயாப் பாலை உறையவைத்துச் செய்யும் டோஃபு விற்கிற கடைக்காரி. நாற்பத்தைந்து வருடம் ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று சோயாப் பால் காய்ச்சியதில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. கத்தி வைக்கலாம், இல்லாவிட்டால் தினமும் தண்ணீரில் நடக்கலாம் என்றார் மருத்துவர். "கத்தி கடையோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். மார்பளவு தண்ணீரில் மட்டும் அவளுக்கு வலி தெரியாது. "அங்க இறங்கிட்டா நான் குமரி" என்பாள்.

ஊருக்குள் அவள் வாய் பிரசித்தம். குப்பைப் பையில் பெயர் எழுத வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் சொன்னபோது, சுவரொட்டி அளவு எழுத்தில் பெயரை எழுதி வைத்தாள். "திறந்து பாருங்க, சோயாச் சக்கைதான் இருக்கும்!" மாலை ஐந்துக்கு ஊர் ஒலிபெருக்கி பாட்டுப் போட்டுப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னால், சிறுசுகளோடு பெரிசுகளும் நடையை எட்டிப் போடும். இவள் அப்போதுதான் நாற்காலியைக் கடை வாசலில் இழுத்துப் போட்டு உட்காருவாள்.

குளத்தில் அவளுக்கு வாய்த்த எதிர்க்கட்சி புஜிகுரா. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. ஆனாலும் நீச்சல் தொப்பி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்.

"எந்த முடி உதிரும்னு ஐயா இந்த ஏற்பாடு?"

"விதிம்மா."

அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓய்வு எதற்கு என்று குளத்துக் காவலர் ஓகினோவிடம் கேட்டாள். நல்ல மனிதர், மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: முன்பிருந்தே வழக்கம். அவள் விடவில்லை. பழைய காவலாளியைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். குளத்துக்குக் கூரை இல்லாத காலத்தில், குளிரில் உதடு நீலம் பாரித்த பிள்ளைகளைக் கரையேற்றுவதற்காக வைத்த விதியாம். இப்போது கூரை இருக்கிறது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். விசில் மட்டும் ஊதிக்கொண்டே இருக்கிறது.

ஜனவரியில் பெரும்பனி கொட்டிய ஒரு நாள் அவளைத் தவிர ஒருவரும் வரவில்லை. அன்றும் விசில் ஊதிற்று. "அனைவரும் தயவுசெய்து கரையேறவும்" என்று ஒலிபெருக்கியும் சொல்லிற்று.

"யாருப்பா அந்த அனைவரும்? நானா?" என்றவள் ஏறவில்லை. முதல் எச்சரிக்கைச் சீட்டு. அடுத்த வாரமே இரண்டாவது. மூன்றாவது விழுந்தால் ஒரு வருடத்துக்கு நுழைவு அட்டை பறிபோகும். தண்ணீர் போனால் அப்புறம் கத்திதான். அது அவளுக்கும் தெரியும், ஓகினோவுக்கும் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. குளிரில் முழங்கால்கள் வீங்கியிருந்தன. விசில் ஊதியதும் ஏணிவரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, மூணாவது சீட்ட எழுத வச்சிராதீங்க." ஓகினோ குனிந்து கைகூப்பினார். "எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

"சரி, ஏறறேன். எல்லாரும் கடிகாரத்தப் பாத்துக்குங்க."

ஐந்தே படிகள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, பல்லைக் கடித்து ஏறினாள். ஓகினோ நீட்டிய கையைத் தொடவில்லை. பலகையில் இருந்த பத்துப் பேரும் முதல்முறையாக அவள் ஏறுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். நான்கு நிமிடம் ஆயிற்று.

"ஏற நாலு நிமிஷம், இறங்க நாலு நிமிஷம். நடுவுல ஓய்வு யாருக்குப்பா?"

புஜிகுரா தொப்பியைச் சரிசெய்துகொண்டே முனகினார். "இன்னும் கொஞ்ச நேரந்தானேம்மா, வந்து உக்காருங்களேன்."

"நீங்க உக்காருங்க ஐயா. உங்களுக்குப் பழகிப்போச்சு."

மணிக்கட்டில் ரப்பர் பட்டையோடு கிடந்த நுழைவு அட்டையை உருவி ஓகினோவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரல்களைத் தானே மடக்கிவிட்டாள்.

"நீ சீட்ட எழுது தம்பி. எழுதி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. பலகைக்காரர்களை நேருக்கு நேராகப் பார்த்தபடி ஏணியின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, அதிகம் வலிக்கிற இடது காலை முதலில் இறக்கி, தண்ணீருக்கடியில் படியைத் துழாவினாள்.